கட்டியக்காரன் காலையில் எங்கே போகிறான்?

சில வருஷத்துக்கு முன்னால் செஞ்சியில் ஓர் இலக்கியக் கூட்டம். வெளியூரிலிருந்து வந்திருந்த எழுத்தாளரிடம் ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: “ஐயா, உங்களுக்கு எழுதற உந்துதல் எங்கேர்ந்து வருது?” எழுத்தாளர் யோசிக்கவே இல்லை. ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே ராஜகிரி மலை. இப்படிப்பட்ட இடத்தில் பிறந்தால் கல்லுக்கும் கவிதை வரும் என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்தக் கூட்டத்தைத் தொடங்கி வைத்தது எங்கள் பெரியப்பாவின் பறை. பத்து நிமிஷம் அடிக்கச் சொன்னார்கள், துண்டு போர்த்தினார்கள், பின்வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். மேற்படி கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் அங்கே தோன்றவில்லை. டவுன் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் கேட்டேன். “பெரிப்பா, உனக்கு அடி எங்கேர்ந்து வருது?”

“இன்னாடா கேள்வி இது. கையிலேர்ந்து வருது.” சிங்கவரம் ரோடு தாண்டுகிற வரைக்கும் பேசவில்லை. அப்புறம் அவராகவே சொன்னார்: “நெல்லு மூட்டைய முதுவுல போட்டுக்கினு லாரிக்குப் பலகை மேல ஏறச்சொல்ல பலகை ஆடும். அது எப்ப தூக்குதோ அப்ப நம்ம காலு எழும்பணும். எட்டு மாறுச்சின்னா மூட்டையோட கீழதான். முப்பது வருசமா ஏறறேன். அந்த ஆட்டந்தான் கையில குந்திக்கிச்சி.”

கலை, அழகியல், படைப்பு மனம் என்றெல்லாம் நான் படித்து வைத்திருந்தவற்றில் இந்தப் பலகைக்கு இடம் இருக்கவில்லை. ஏன் இல்லை என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

மலையைக் கை காட்டியவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. செஞ்சி என்றாலே மலைதான், மலை என்றால் கோட்டை, கோட்டை என்றால் தேசிங்கு. 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு மோதி இளவயசில் செத்துப்போன தேஜ்சிங்கைக் கதைப்பாட்டுக்காரர்கள் தேசிங்கு ராஜன் ஆக்கினார்கள். பாராசாரிக் குதிரையையும், அவனோடு செத்த முஸ்லிம் நண்பனையும் சேர்த்துப் பாடினார்கள். நல்ல கதைதான். எங்கள் தெருவிலும் பாடியிருக்கிறார்கள், அழுதும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குதிரையின் சேணத்தைத் தைத்தது யார், கொள்ளு அவித்தது யார், செத்த குதிரையை இழுத்துப் போட்டது யார் என்று பாட்டு கேட்பதில்லை.

மூன்று மலைகளின் பெயரை இங்கே பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. நாலாவதாக ஒரு சின்ன மலை உண்டு. அதன் உச்சியிலும் அரண் இருக்கிறது. கோட்டையைப் பற்றிய புத்தகங்கள் அதை ‘முக்கியத்துவம் குறைந்தது’ என்று ஒரு வரியில் தாண்டிப்போகும். அதன் பெயர் சக்கிலி துர்க்கம். இன்றைக்கு அருந்ததியர் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற மக்களை இழிவாய்க் கூப்பிட்ட பெயர், ஒரு கோட்டை மலையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர்களின் ராணுவ நிலப்பரப்பு என்று பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம்முடைய செஞ்சி. ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் நாலாவது மலை இன்னமும் முக்கியத்துவம் குறைந்ததுதான்.

அமெரிக்கக் கறுப்பினக் கவி லாங்ஸ்டன் ஹியூஸ் 1926-ல் ஒரு கட்டுரை எழுதினார். கறுப்புக் கலைஞன் முன்னால் ஒரு மலை நிற்கிறது என்கிறார். தன்னுடைய சனத்தின் பேச்சும் பாட்டும் கேவலம், வெள்ளைக்காரன் மாதிரி எழுதுவதே கலை என்கிற ஆசைதான் அந்த மலை. கவிஞன் என்று சொல்லுங்கள், கறுப்புக் கவிஞன் என்று சொல்லாதீர்கள் என்று கேட்ட ஒரு இளைஞனைப் பார்த்துத்தான் அவருக்கு அதை எழுதத் தோன்றியது. நம் பையன்களில் எத்தனை பேர் இதே வார்த்தையைச் சொல்லக் கேட்டிருக்கிறோம்! ஹியூஸைப் படித்தபோது எனக்குக் கண்ணில் நின்றது ராஜகிரிதான்.

சரி, மலையை விட்டுவிட்டுச் சேரிக்குள் வந்தவர்கள் இல்லையா? வந்தார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்கிற அமெரிக்க ஆய்வாளர் திரௌபதியம்மன் வழிபாட்டைப் பற்றி 1988-லும் 1991-லும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். முதல் தொகுதியின் துணைத்தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது. இந்த வழிபாட்டின் மூலநிலமே செஞ்சிப் பகுதிதான் என்று மேலச்சேரிக் கோயிலை நடுவில் வைத்துப் பேசுகிறார். பாரதப் பிரசங்கிகளையும் கூத்து வாத்தியார்களையும் தேடிப்போய்க் கேட்டவர், திருவிழாவைப் படமாகவும் எடுத்தவர். அம்மன் வாசலில் போத்துராஜாவுக்குப் பக்கத்தில் முத்தால் ராவுத்தன் என்கிற முஸ்லிம் காவல்காரன் ஏன் நிற்கிறான் என்று நம்மூர்ப் பேராசிரியர்களைவிட அக்கறையாய் விசாரித்தவர். இந்த மரியாதையைக் குறைக்கக் கூடாது.

ஆனாலும் அந்தப் புத்தகத்தில் கூத்துக்காரர்கள் எல்லோரும் ராத்திரியிலேயே இருக்கிறார்கள். துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அரவான் களப்பலி, பதினெட்டாம் போர், படுகளம் என்று ஒவ்வொன்றுக்கும் புராணத்தில் ஒரு வேர் கிடைத்துவிடுகிறது. விடிந்த பிறகு அரிதாரத்தைக் கழுவிவிட்டு அந்த ஆள் எங்கே போகிறான் என்பதற்கு அதில் பக்கம் கிடையாது. அவர் எழுத வந்தது சடங்கைப் பற்றி என்று சமாதானம் சொல்லலாம். நமக்கு அந்தச் சமாதானம் போதாது.

நவீன நாடகக்காரர்களும் வந்தார்கள். ந. முத்துசாமி புரிசைக் கூத்தைப் பார்த்து அசந்துபோய் எழுதினார், 1977-ல் கூத்துப்பட்டறை தொடங்கினார். பட்டணத்துப் படித்தவர்கள் கூத்து என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்ட காலத்தில் அதுதான் தமிழனின் தியேட்டர் என்று அடித்துச் சொன்னவர். அதற்கு நன்றி. ஆனால் பட்டணம் எடுத்துக்கொண்டது அடவையும் கிரீடத்தையும் திரை பிடிக்கிற அழகையும். உருவம் போய்ச் சேர்ந்தது, ஆள் இங்கேயே நின்றான். 2025-ல் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பறையிசை வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பறையைத் தோளில் போட்ட ஒருவர் அந்த மேடை வரைக்கும் போனது சின்ன விஷயமா? இல்லை. என்றாலும் விருது ஒரு ஆளுக்குத்தான் கிடைக்கும், தொழிலுக்குக் கிடைக்காது.

இப்போது என் மாமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமன் நாற்பது வருஷமாகக் கட்டியக்காரன் வேஷம் கட்டுகிறவர். எங்கள் ஜமாவில் ராஜாவேஷம் கட்ட ஆளுக்கு ஆள் சண்டை போடுவார்கள். கிரீடம், புஜகட்டை, சலங்கை என்று ராஜாவுக்கு உடம்பெல்லாம் மரியாதை. கட்டியக்காரனுக்குக் கோமாளிச் சட்டையும் வாயும்தான். ஆனால் விடியற்காலை மூணு மணிக்குச் சனம் தூங்கி விழும்போது அவர்களை எழுப்பி உட்கார வைக்கிறது துரியோதனன் இல்லை.

ராஜாவேஷக்காரருக்குப் பாட்டு உண்டு, வாத்தியார் கொடுத்த வசனம் உண்டு. கட்டியக்காரனுக்கு எழுதிவைத்த வசனம் கிடையாது. அன்றன்றைக்குத் தேடிக்கொள்ள வேண்டும். மாமன் எப்படித் தேடினார் என்று கூடவே சுற்றிப் பார்த்திருக்கிறேன். பாக்கு வெத்திலை வாங்கின ஊருக்கு மற்றவர்கள் சாயங்காலம் வந்தால் அவர் மத்தியானமே போய்விடுவார். நேரே டீக்கடை. அங்கே நமக்கு எந்த கிளாஸில் டீ வருகிறது என்பது அவருக்கு முதல் சேதி. அப்புறம் ரேஷன் கடை வரிசை. பஸ் நிறுத்தத்தில் எந்தத் தலைவர் போஸ்டரை யார் கிழித்தார்கள். மல்லாட்டை பிடுங்குகிற கொல்லையோரம் போய் நின்று கூலி எவ்வளவு என்று பேச்சுக் கொடுப்பார். எந்த மிராசு படியளப்பில் ஏமாற்றுகிறான் என்று பொம்பளைகள் தாமாகவே சொல்வார்கள். ஒன்றையும் எழுதி வைத்துக்கொள்ள மாட்டார், கையெழுத்துக்கு மேல் எழுதவும் தெரியாது. ராத்திரி திருதராட்டிரன் சபையில் கணக்குப் பார்க்கிற மாதிரி ஒரு கட்டத்தில், மல்லாட்டைப் படி அளந்து காட்டுவார். பெருவிரலை உள்ளே விட்டு அளக்கிற அந்த ஒரு சைகைக்கு, பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கிற பொம்பளைகள் பக்கமிருந்து சிரிப்புக் கிளம்பும். முன்னால் நாற்காலியில் இருக்கிறவர்கள் என்ன சிரிப்பு என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

இதற்குப் பெயர் என்ன? நம் இலக்கியப் பெரியவர்கள் ‘தரிசனம்’ என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். தனியாய் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மேலிருந்து இறங்குவது அது. மாமனுக்கு எதுவும் இறங்கவில்லை. அவர் நடந்து போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார். உந்துதல் என்று ஒன்று இருக்குமானால் அது கூலி வேலை மாதிரி நாள்தோறும் போய்ச் செய்ய வேண்டிய வேலையாகத்தான் இருக்கிறது. அதைச் செய்வதற்கு ஒரு காதும், ஏமாற்றப்பட்ட ஒரு வயிறும் வேண்டும்.

வயிறு என்று சொன்னதும் ஒரு ஜாக்கிரதை தேவைப்படுகிறது. பட்டினிதான் கலையை உண்டாக்குகிறது என்று பேசுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அது பொய். என் கூடப் பறை பழகின பையன்களில் நன்றாக அடிக்கக்கூடிய இரண்டு பேர் கரும்பு வெட்டப் போனார்கள், ஒருத்தன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போனான். பட்டினி அவர்கள் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கிக்கொண்டது. பலகை ஆட்டம் பெரியப்பாவுக்குத் தாளத்தைக் கொடுத்தது உண்மை. அதே பலகைதான் ஐம்பது வயசில் அவர் இடுப்பை வாங்கிக்கொண்டது. இதில் ஒன்றை மட்டும் எழுதுகிறவன் பாதிப் பொய் எழுதுகிறான்.

நானும் எழுதியிருக்கிறேன். பறை விடுதலையின் ஒலி என்று ஒரு கட்டுரை, ஆவேசமாக, வயசுக் கோளாறில். பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, “நல்லாக்கீது. இதுல நான் சாவுக்குப் போயி வாசல்ல நிக்கறது எங்க வருது?” என்றார். வரவில்லைதான். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் ராத்திரியானாலும் ஆள் வரும். புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டின தோலை வைக்கோல் தீயில் காய்ச்சிக்கொண்டு, பிணம் எடுக்கிற வரைக்கும் தெருவில் நின்றே அடிக்க வேண்டும். சாராயம் கிடைக்கும், சோறு தள்ளி வைத்துக் கிடைக்கும். என் கட்டுரையில் பறை இருந்தது, வைக்கோல் தீயும் இருந்தது, தள்ளி வைத்த சோறு இல்லை.

1927-ல் மகாடில் அம்பேத்கர், செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள், இழிவான ஊர்வேலையை விடுங்கள் என்று சொன்னார். பறையை விடு என்பவர்களும் பறையை எடு என்பவர்களும் நம்மில் இரண்டு தரப்பாக ஆனதற்கு வேர் அங்கே இருக்கிறது. ராஜ் கௌதமன் 1990-களில் தலித் பண்பாட்டைப் பற்றி எழுதிய புத்தகங்களில், நம் சிரிப்பும் வசவும் கேலியும் கலகத்தின் கருவிகள் என்று வாதாடினார். மாமனைப் பார்த்தவன் அதை மறுக்க மாட்டான். ஆனால் கலகம் செய்கிறவன் மறுநாள் அதே ஊருக்குக் கூலிக்குப் போக வேண்டியவன் என்பதைத் தத்துவம் மறந்துபோகிறது. எனக்கு இரண்டு தரப்பிலும் பாதிப் பாதிதான் ஒப்புதல். சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று சொல்கிற உரிமை கையில் இருந்தால்தான், மேடையில் அடிப்பது கலை.

தினசரி வாழ்க்கையையே எடுத்து இலக்கியமாக்கின நம்மவர் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாமாவின் ‘கருக்கு’ 1992-ல் வந்தபோது, இது நாவலா, சுயசரிதையா, கலையம்சம் எங்கே என்று கேட்டார்கள். விறகு பொறுக்கப் போனபோது பனங்கருக்கு கையைக் கிழித்தது. தலைப்பே அங்கிருந்துதான் வருகிறது. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து, வேலை இல்லாமல், போக இடம் இல்லாமல் நின்ற ஒரு பொம்பளை தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதியது. விறகு பொறுக்குவதை எழுதினதால் அது கலையாகவில்லை. மற்றவர்கள் விறகைப் பார்த்தார்கள், அவர் கிழிந்த கையைப் பார்த்தார். கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ 2005-ல் வந்தது. இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோன குரல் அவருடையது. 1968 கீழ்வெண்மணியைப் பற்றிய அந்தப் பாட்டை அவர் பாடிக் கேட்டுத்தான் எங்கள் வயசுப் பையன்கள் பலர் இயக்கத்துக்கே வந்தார்கள். ‘வடு’வில் இளையான்குடி முஸ்லிம் வீடுகளில் கிடைத்த மரியாதையும் கிராமத்தில் கிடைத்த அவமானமும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன, அழாமல் சிரித்துக்கொண்டே சொல்கிறார். எனக்கு மட்டும் ஒரு குறை. அந்தக் குரல் எப்படிப் பழகினது, தொண்டை கட்டின நாளில் என்ன செய்தார், பாடிவிட்டு ராத்திரி எங்கே படுத்தார் என்று இன்னொரு புத்தகமே எழுதியிருக்கலாம். 2016-ல் போய்விட்டார்.

2024-ல் ‘ஜமா’ என்று ஒரு படம் வந்தது. திருவண்ணாமலைப் பக்கத்துக் கூத்துக்காரர்களைப் பற்றியது. பெண்வேஷம் கட்டுகிறவன் அர்ச்சுனன் வேஷத்துக்கு ஏங்குகிற கதை. நன்றாக எடுத்திருந்தார்கள். மாமனைக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே வந்து, “எல்லாம் கரெக்ட்டுதான், கட்டியக்காரன யாரு பார்த்தா?” என்றார். தன் வேஷத்தின் மேல் அவ்வளவு கர்வம் அவருக்கு.

அந்தக் கர்வத்துக்கு விலை கொடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதியம்மன் கோயிலுக்குள் போன தலித்துகளை 2023 ஏப்ரலில் அடித்தார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். கோர்ட்டு உத்தரவில் 2024 மார்ச்சில் கதவு திறந்தது, பூசை செய்ய மட்டும். போலீஸ் காவலோடு நம் சனம் உள்ளே போய்க் கும்பிட்டது 2025 ஏப்ரலில். ஐந்து பேருக்குப் பெண்டாட்டியாகி, சபையில் மானம் இழந்து, கூந்தலை முடியாமல் நின்றவளுக்கு, நாம் உள்ளே வந்தால் தீட்டு!

சீல் வைத்த அந்த வருஷம் ஆடி மாசம், வேறொரு ஊரில் எங்கள் ஜமாவுக்குப் பாரதக்கூத்து. அன்றைக்குத் துகிலுரிதல். துரியோதனன் திரௌபதியைச் சபைக்குக் கூட்டிவரச் சொல்லிக் கட்டியக்காரனை அனுப்புகிறான். மாமன் திரை வரைக்கும் ஓடினார். எட்டிப் பார்த்தார். வெறுங்கையோடு திரும்பி ஓடிவந்தார்.

“மகாராஜா, அம்மா வர முடியாதுங்களாம்.”

“ஏண்டா?”

“வெளிய பூட்டுப் போட்டு அரக்கு சீல் வச்சிட்டாங்க மகாராஜா. தாசில்தாரு வந்து தொறந்தாத்தான் நீங்க துகிலுரிய முடியும்.”

பெட்டிக்காரர் கை நின்றது. தாளம் நின்றது. நான் கொட்டகைக்குப் பின்னால் இருந்தேன். நாற்காலிப் பக்கம் ஒரு சத்தம் இல்லை. பொம்பளைகள் பக்கத்திலிருந்து யாரோ ஒருத்தி மட்டும் சிரித்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள். வாத்தியார் சட்டென்று அடுத்த பாட்டை எடுத்து மூடினார். விடிய விடியக் கூத்து நடந்தது. காலையில் ஊர்ப் பெரியவர்கள், முன்பணம் போதும், மீதி கிடையாது, மிச்சக் கூத்துக்கு வேற ஜமா பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ராஜாவேஷக்காரர் அரிதாரம் கலைக்காமலே மாமனைத் திட்டினார். அவருக்கு மூணு பிள்ளைகள், அவர் திட்டியதில் நியாயம் இருந்தது. மாமன் பதில் பேசவில்லை. சலங்கையை மூட்டையில் கட்டிவிட்டு, ஏழு மணிக்கு நூறு நாள் வேலைக்குப் போனார்.

அந்த மூணு வரி வசனத்துக்கு மேலே, இந்த இருபது வருஷத்தில் நான் கேட்ட அரசியல் நாடகம் எதையும் வைக்க மாட்டேன். அவர் அதை ராத்திரி யோசித்துக் கட்டவில்லை. இரண்டு நாள் முன்னால் வேறு எதற்கோ தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கிறார். ஒரு பீரோவுக்கு அரக்கு உருக்கி சீல் வைப்பதை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அந்த அரக்கு நாற்றம்தான் வாயில் வந்தது என்று பிறகு சொன்னார்.

போன வாரம் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் இரண்டு பேரையும் உட்கார வைத்து இதுவரைக்கும் படித்துக் காட்டினேன். பெரியப்பா இடுப்புக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். பலகை வரும் இடத்தில் தலையாட்டினார். மாமன் கடைசி வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. முடித்ததும், “கூலிய எழுதுல நீ,” என்றார். அன்றைக்கு ஆளுக்கு எழுநூறு பேசியது. கைக்கு வந்தது இருநூறு. மாமன் தன் இருநூறை ராஜாவேஷக்காரர் மூட்டைக்குள் போட்டுவிட்டு வந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.